பிளீஸ் பிளீஸ் மீ: பீட்டில்ஸின் முதல் ஆல்பமும் அதன் பல பதிப்புகளும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பீட்டில்ஸ் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம், அவர்களது முதல் ஆல்பத்தைக் குறித்து ஒரே வகையான ஐயங்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. ஒருவர் ஸ்டீரியோவில் கேட்டுவிட்டுக் குரல் ஏன் ஒரு பக்கமாக ஒதுங்கி நிற்கிறது என்கிறார். இன்னொருவர் தம் அமெரிக்க உறவினர் வைத்திருக்கும் இசைத்தட்டில் பாட்டுகளே வேறாக இருக்கின்றனவே என்கிறார். இருவர் கேட்பதும் நியாயமே. இந்த ஆல்பத்தின் பெரும்பகுதி ஒரே நாளில் பதிவானது. ஆனால் அது வெளிவந்த வடிவங்களோ ஏராளம். கையில் எந்தத் தட்டு இருக்கிறது என்பதைப் பொறுத்துக் காதில் விழுவதும் மாறுகிறது. ஆகையால் பதிப்புகளை மனத்தில் வைத்தே விடைகளை எழுதியிருக்கிறேன்.

இது எந்த ஆல்பம், எப்போது வெளிவந்தது?

ஜான் லெனன், பால் மெக்கார்ட்னி, ஜார்ஜ் ஹாரிசன், ரிங்கோ ஸ்டார் ஆகிய நால்வரும் சேர்ந்த லிவர்பூல் குழுவின் முதல் எல்பி (முழுநீள இசைத்தட்டு) இது. இஎம்ஐ நிறுவனத்தின் பார்லபோன் லேபிளில் 1963 மார்ச் 22 அன்று மோனோ (எல்லா ஒலியும் ஒன்றாகக் கலந்தது) தட்டாகவும், ஏறத்தாழ ஒரு மாதம் கழித்து ஏப்ரல் 26 அன்று ஸ்டீரியோ (ஒலி இடம் வலம் எனப் பிரிந்தது) தட்டாகவும் வெளிவந்தது. மோனோவின் எண் பிஎம்சி 1202, ஸ்டீரியோவின் எண் பிசிஎஸ் 3042. மொத்தம் பதினான்கு பாடல்கள். முழுவதையும் கேட்டு முடிக்க முப்பத்து மூன்று நிமிடம்கூட ஆகாது. மே மாதம் பிரிட்டிஷ் ஆல்பம் பட்டியலில் முதலிடம் பிடித்து, அங்கேயே முப்பது வாரம் உட்கார்ந்திருந்தது. கடைசியில் அதைக் கீழே இறக்கியது வேறு யாருமல்ல, 1963 நவம்பரில் வந்த பீட்டில்ஸின் இரண்டாம் ஆல்பமான 'வித் த பீட்டில்ஸ்'தான்.

இதற்கு முன்பே ஜெர்மனியில் ஒரு தட்டு வந்ததே, அதை முதல் ஆல்பம் என்று சொல்லக் கூடாதா?

சொல்லக் கூடாது. 1961-இல் ஹாம்பர்க்கில் டோனி ஷெரிடன் என்ற பாடகருக்குப் பின்னணி வாசித்த குழுவாக அவர்கள் சில பாடல்களைப் பதிவு செய்தனர். 'மை போனி' என்ற சிங்கிள் (பக்கத்துக்கு ஒரு பாட்டு கொண்ட சிறு தட்டு) அப்படி வந்ததுதான். அப்போது டிரம்ஸில் இருந்தவர் பீட் பெஸ்ட். ரிங்கோ இன்னும் சேரவில்லை. ஜெர்மானியத் தட்டுகளில் குழுவின் பெயர்கூட 'பீட் பிரதர்ஸ்' என்றே அச்சிடப்பட்டது. பின்னாளில் பீட்டில்ஸ் புகழ் உச்சத்தில் இருந்தபோது அந்தப் பதிவுகளை எத்தனையோ நிறுவனங்கள் எத்தனையோ அட்டைகளில் போட்டு விற்றன என்பதால்தான் இந்தக் குழப்பம் இன்றும் தொடர்கிறது.

ஒரே நாளில் பதிவு செய்தார்கள் என்பது உண்மையா, இல்லை விளம்பரத்துக்குச் சொன்ன கதையா?

பதினான்கில் பத்துப் பாடல்களைப் பொறுத்தவரை முழு உண்மை. மீதி நான்கும் ஏற்கெனவே வெளிவந்திருந்த இரண்டு சிங்கிள்களின் இரு பக்கங்கள்: 1962 அக்டோபர் 5-இல் வந்த 'லவ் மீ டூ', 'பி.எஸ். ஐ லவ் யூ'. 1963 ஜனவரி 11-இல் வந்த 'பிளீஸ் பிளீஸ் மீ', 'ஆஸ்க் மீ வை'. இரண்டாவது சிங்கிள் பட்டியலின் உச்சிக்கு ஏறிக்கொண்டிருந்த வேகத்தைப் பார்த்த தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டின், சூடு ஆறுவதற்குள் ஓர் எல்பியைக் கொண்டுவந்துவிட வேண்டும் என்று முடிவு செய்தார். குழுவோ அப்போது ஹெலன் ஷப்பீரோ என்ற பாடகியின் சுற்றுப்பயணத்தில் துணை நிகழ்ச்சியாக ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்தது. அதிலிருந்து பிய்த்தெடுத்த ஒரு நாள்தான் 1963 பிப்ரவரி 11, திங்கட்கிழமை.

லண்டன் ஆபி ரோட்டில் இருந்த இஎம்ஐ ஸ்டூடியோவின் இரண்டாம் கூடத்தில் காலை பத்து மணிக்குத் தொடங்கினார்கள். காலை, பிற்பகல், மாலை என மூன்று அமர்வுகள். இரவு பத்தேமுக்காலுக்கு எல்லாம் முடிந்துவிட்டது. ஒலிப்பதிவு மேசையில் இருந்தவர் நார்மன் ஸ்மித். காலையில் எடுத்தவை 'தேர்ஸ் எ பிளேஸ்', 'ஐ சா ஹெர் ஸ்டாண்டிங் தேர்' ஆகிய இரண்டு. இரண்டாவது பாட்டுக்கு அன்றைய ஏட்டில் 'செவன்டீன்' என்றுதான் பெயர். பிற்பகலில் 'எ டேஸ்ட் ஆஃப் ஹனி', 'டூ யூ வான்ட் டு நோ எ சீக்ரெட்', 'மிஸரி'. மாலையில் 'ஹோல்ட் மீ டைட்' என்ற பாட்டோடு பதின்மூன்று முறை மல்லுக்கட்டிவிட்டுக் கைவிட்டார்கள். அது பிறகு புதிதாகப் பதியப்பட்டு இரண்டாம் ஆல்பத்தில் இடம்பெற்றது. அதன்பின் 'அன்னா', 'பாய்ஸ்', 'செயின்ஸ்', 'பேபி இட்ஸ் யூ' ஆகியவற்றை மடமடவென்று முடித்தார்கள். 'பாய்ஸ்' பாட்டுக்கு ஒரே ஒரு டேக்தான் (டேக் என்றால் ஒருமுறை வாசித்துப் பதிவது). டிரம்ஸ் வாசித்துக்கொண்டே ரிங்கோ பாடியது அப்படியே தட்டில் ஏறியது.

இது எப்படி முடிந்தது என்று வியப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஹாம்பர்க் விடுதிகளில் இரவு முழுவதும் வாசித்து, லிவர்பூலின் கேவர்ன் கிளப்பில் மதிய நேரத்திலும் வாசித்துப் பழகிய கைகள் அவர்களுடையவை. ஸ்டூடியோவில் அவர்கள் புதிதாக எதையும் உருவாக்கவில்லை. மேடையில் பாடிப் பாடித் தேய்த்த பாட்டுகளையே மைக்கின் முன் மறுபடி வாசித்தார்கள். மார்ட்டின் முதலில் கேவர்னுக்கே போய் நேரடியாகப் பதிவு செய்யலாமா என்று யோசித்ததும் இதனால்தான்.

பிப்ரவரி 11-க்குப் பின் ஒன்றுமே சேர்க்கவில்லையா?

சிறிதளவு சேர்த்தார்கள். பிப்ரவரி 20-ஆம் தேதி, குழு ஸ்டூடியோவில் இல்லாதபோது, 'மிஸரி'யில் பியானோவையும் 'பேபி இட்ஸ் யூ'வில் மணியோசை எழுப்பும் செலெஸ்டா என்ற கருவியையும் மார்ட்டினே வாசித்துச் சேர்த்தார். 'மிஸரி' பியானோவுக்கு அவர் டேப்பைப் பாதி வேகத்தில் ஓட விட்டு வாசித்தார். முழு வேகத்துக்கு வரும்போது ஸ்வரம் ஒரு ஸ்தாயி மேலே ஏறிச் சலங்கை உதிர்வதுபோல் கேட்கும். இன்னொரு வெட்டு வேலையும் உண்டு. ஆல்பத்தின் முதல் பாட்டான 'ஐ சா ஹெர் ஸ்டாண்டிங் தேர்' தொடக்கத்தில் பால் 'ஒன், டூ, த்ரீ, ஃபோர்' என்று எண்ணுவது ஒன்பதாம் டேக்கிலிருந்து; அதைத் தொடரும் பாட்டு முதல் டேக்கிலிருந்து. எண்ணிக்கை துள்ளலாக அமைந்துவிட்டதால் அதை மட்டும் நறுக்கி முன்னால் ஒட்டினார்கள்.

'ட்விஸ்ட் அண்ட் ஷவுட்' பாட்டில் ஜானின் குரல் ஏன் அவ்வளவு கிழிந்து கேட்கிறது?

அவருக்கு அன்று கடும் சளி. நாள் முழுவதும் தொண்டை மாத்திரைகளைச் சப்பிக்கொண்டும் பால் குடித்துக்கொண்டும் ஓட்டினார். தொண்டையைப் பிடுங்கும் பாட்டு இது என்பது மார்ட்டினுக்குத் தெரியும் என்பதால் வேண்டுமென்றே கடைசிக்குத் தள்ளி வைத்திருந்தார். இரவு பத்து மணிக்குமேல் ஒரு டேக் எடுத்தார்கள். ஆல்பத்தில் இருப்பது அதுதான். இரண்டாவது டேக்கும் முயன்றார்கள், ஆனால் குரல் எஞ்சியிருக்கவில்லை. பாட்டின் கடைசி நொடியில், கருவிகள் அடங்கும்போது, ஆசுவாசமாக ஒரு சிறு கூச்சல் கேட்கும். நல்ல தட்டும் நல்ல ஊசியும் இருந்தால் அந்தக் கூடத்திலேயே நிற்பதுபோல இருக்கும். முழு ஆல்பத்திலும் எனக்கு மிகவும் பிடித்த கணம் அது.

பாடல்களில் அவர்களது சொந்தப் பாட்டுகள் எத்தனை?

எட்டு. மீதி ஆறும் பிறருடையவை. பெரும்பாலும் அமெரிக்கக் கறுப்பினக் கலைஞர்கள் பாடிப் பெயர் பெற்றவை. 'அன்னா' ஆர்தர் அலெக்சாண்டருடையது, 'செயின்ஸ்' குக்கீஸ் குழு பாடியது, 'பாய்ஸ்', 'பேபி இட்ஸ் யூ' இரண்டும் ஷிரெல்ஸ் பாடியவை, 'ட்விஸ்ட் அண்ட் ஷவுட்' ஐஸ்லி பிரதர்ஸ் பாடிப் பரவியது. சொந்தப் பாட்டுகளுக்கு இந்த ஆல்பத்தில் 'மெக்கார்ட்னி–லெனன்' என்றே பெயர் அச்சாகியிருக்கும். உலகம் அறிந்த 'லெனன்–மெக்கார்ட்னி' வரிசை பிறகு நிலைத்தது.

'லவ் மீ டூ' பாட்டில் டிரம்ஸ் வாசித்தது ரிங்கோவா, வேறு ஒருவரா?

இரண்டும் சரி. பாட்டு ஒன்று, பதிவுகள் மூன்று. 1962 ஜூன் 6-இல் பீட் பெஸ்ட் வாசித்த பதிவு 1995-இல் 'ஆந்தாலஜி 1' வரும்வரை வெளியே வரவேயில்லை. செப்டம்பர் 4-இல் ரிங்கோ வாசித்தார். அது ஸ்டூடியோவுக்குத் திருப்தி தராததால் செப்டம்பர் 11-இல் ஆண்டி வைட் என்ற கூலிக்கு வாசிக்கும் டிரம்மரை அமர்த்தி, ரிங்கோவின் கையில் டாம்பரினைக் கொடுத்தார்கள். வேடிக்கை என்னவென்றால், 1962 சிங்கிளின் முதல் அச்சில் வந்தது ரிங்கோவின் பதிவு. ஆல்பத்தில் வந்ததோ ஆண்டி வைட்டின் பதிவு. 1963-இல் சிங்கிளையும் ஆண்டி வைட் பதிவுக்கே மாற்றிவிட்டார்கள். ரிங்கோ பதிவின் மாஸ்டர் டேப் பாதுகாக்கப்படவில்லை. எனவே பின்னாளில் 'பாஸ்ட் மாஸ்டர்ஸ்' தொகுப்புக்காக அதைப் பழைய தட்டு ஒன்றிலிருந்தே நகல் எடுக்க வேண்டியிருந்தது.

எது எது என்று கண்டுபிடிக்க டாம்பரின் ஒலியைத் தேடினால் போதும். கேட்டால் ஆல்பப் பதிவு, கேட்காவிட்டால் ரிங்கோ. சிவப்பு நிற லேபிள் உள்ள சிங்கிள் ரிங்கோவுடையது, கறுப்பு லேபிள் ஆண்டி வைட்டுடையது.

மோனோவுக்கும் ஸ்டீரியோவுக்கும் அப்படி என்ன வேறுபாடு?

இந்த ஆல்பத்தில் வேறுபாடு மலைக்கும் மடுவுக்கும் உள்ளது. ஆபி ரோட்டில் அன்று பயன்பட்ட டேப் இயந்திரத்தில் இரண்டே ட்ராக்குகள் (தனித்தனி ஒலிப் பாதைகள்). ஒன்றில் கருவிகள் எல்லாவற்றையும், மற்றொன்றில் குரல்களையும் பதிந்தார்கள். இப்படிப் பிரித்தது ஸ்டீரியோ காட்டுவதற்காக அல்ல. மோனோவுக்குக் கலக்கும்போது குரலையும் இசையையும் தக்க அளவில் சேர்த்துக்கொள்ள வசதியாக இருக்கும் என்பதற்காக. 1963-இல் பாப் இசை கேட்கும் பிரிட்டிஷ் வீடுகளில் ஒற்றை ஒலிபெருக்கி கொண்ட பிளேயர்தான் இருந்தது. ஆகவே மார்ட்டினும் ஸ்மித்தும் மனம் வைத்துச் செய்தது மோனோ மிக்ஸைத்தான். 1963 பிப்ரவரி 25-ஆம் தேதி அதோடு ஸ்டீரியோவையும் செய்தார்கள். ஆனால் அது பெரும்பாலும் இரண்டு ட்ராக்குகளையும் இடம் வலம் எனப் பிரித்து வைத்ததே தவிர வேறில்லை.

ஹெட்ஃபோனில் ஸ்டீரியோவைப் போட்டு, 'ஐ சா ஹெர் ஸ்டாண்டிங் தேர்' ஓடும்போது இடது காதிலிருந்து ஹெட்ஃபோனை எடுத்துப் பாருங்கள். டிரம்ஸும் பாஸும் எங்கோ பக்கத்து அறைக்குப் போய்விடும். பாலும் ஜானும் மட்டும் காதோரம் நின்று பாடுவார்கள். மாற்றி வலது காதை எடுத்தால் பாடகர் இல்லாத குழு. பாட்டுப் படிக்கிறவர்களுக்கு இது பெரிய வரம். பாஸ் கிட்டார் என்ன செய்கிறது என்பதை இழை இழையாகப் பிரித்துக் கேட்கலாம். ஆனால் பாட்டாகக் கேட்கும்போது நாலு பேர் ஒரே அறையில் முட்டி மோதிக்கொண்டு வாசித்த உணர்வு அதில் கிடைப்பதில்லை. மோனோவில் அது முழுமையாக இருக்கிறது.

'லவ் மீ டூ', 'பி.எஸ். ஐ லவ் யூ' இரண்டுக்கும் இரு ட்ராக் டேப்பும் எஞ்சவில்லை. ஆகவே ஸ்டீரியோ தட்டில் மோனோப் பதிவையே எடுத்து, ஒரு பக்கத்தில் கனத்த ஒலியையும் மறுபக்கத்தில் மெல்லிய ஒலியையும் தூக்கிக் காட்டிப் போலி ஸ்டீரியோவாக்கினார்கள். இன்றைய சிடிகளில் இந்த இரண்டு பாட்டுகளும் மோனோவாகவே வைக்கப்பட்டுள்ளன. அது நல்ல முடிவு.

தலைப்புப் பாட்டில் யாரோ சிரிப்பதுபோல் கேட்கிறது. என் தட்டில் கோளாறா?

கோளாறு இல்லை, நீங்கள் ஸ்டீரியோ கேட்கிறீர்கள். சிங்கிளுக்கான மோனோ மாஸ்டரை 1962 நவம்பரிலேயே தேர்ந்த டேக்குகளிலிருந்து வெட்டி ஒட்டி முடித்துவிட்டார்கள். ஸ்டீரியோவுக்கு மூல டேக்குகளுக்கே திரும்பிச் சென்று வேறு விதமாக ஒட்ட வேண்டியிருந்தது. அப்படி வந்து சேர்ந்ததில், கடைசிச் சரணத்தில் ஜான் வரியைத் தவறவிடுகிறார். பால் ஒன்று பாட அவர் வேறொன்று பாடுகிறார். உடனே வரும் 'கம் ஆன்' என்ற சொல்லை அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு பாடுவது தெளிவாகக் கேட்கும். மோனோவில் இந்தப் பிழை இல்லை. பிழையில்லாததைவிடப் பிழையுள்ளதை விரும்புகிறவர்களும் நிறைய இருக்கிறார்கள். அவர்களோடு எனக்குச் சண்டையில்லை.

அட்டைப்படம் எங்கே எடுக்கப்பட்டது?

லண்டன் மான்செஸ்டர் சதுக்கத்தில் இருந்த இஎம்ஐ தலைமை அலுவலகத்தின் மாடிப்படிக் கட்டில். புகைப்படக் கலைஞர் ஆங்கஸ் மெக்பீன் கீழே நுழைவாயிலில் படுத்து அண்ணாந்து எடுக்க, நால்வரும் கைப்பிடிச் சுவர்மேல் குனிந்து சிரித்தார்கள். மார்ட்டினின் முதல் எண்ணம் வேறு: பெயரில் வண்டு இருப்பதால், லண்டன் விலங்குக் காட்சியகத்தின் பூச்சிக் கூடத்தில் எடுக்கலாம் என்று நினைத்தார். காட்சியகம் மறுத்துவிட்டது. 1969-இல் அதே படிக்கட்டில், அதே கோணத்தில், தாடியும் நீண்ட முடியுமாக அவர்களை மெக்பீன் மறுபடி எடுத்தார். 1973-இல் வெளிவந்த, 'சிவப்பு', 'நீலம்' என்று அழைக்கப்படும் இரு பாடல் தொகுப்புகளின் முகப்பில் இந்த இரண்டு காலத்துப் படங்களும் இருக்கின்றன.

அட்டையில் தலைப்புக்குக் கீழே 'லவ் மீ டூவுடன் மேலும் 12 பாடல்கள்' என்ற பொருளில் ஒரு வரி இருப்பதைப் பார்க்கலாம். ஆல்பத்தைத் தனிப் படைப்பாக நினைக்கும் வழக்கம் வராத காலம். வெற்றி பெற்ற சிங்கிள் வேண்டுமென்றால் இதையும் வாங்குங்கள் என்று கூப்பிடும் கடைத்தெருக் குரல் அது.

பிரிட்டிஷ் முதல் அச்சை எப்படி அடையாளம் காண்பது?

முதலில் லேபிளைப் பாருங்கள். தொடக்க அச்சுகளின் லேபிள் கறுப்பு, எழுத்துகள் பொன்னிறம். 1963-இலேயே இது மாறி, கறுப்பு லேபிளில் மஞ்சள் நிறப் பார்லபோன் பெயர் வந்துவிட்டது. பொன்னெழுத்துத் தட்டுகளுக்குள்ளும் ஒரு வரிசை உண்டு: மிக முந்தியவற்றில் சொந்தப் பாட்டுகளில் நான்கின் பதிப்பாளராக 'டிக் ஜேம்ஸ்' நிறுவனத்தின் பெயர் இருக்கும், அந்தப் பாட்டுகளுக்காக 'நார்தர்ன் சாங்ஸ்' என்ற நிறுவனம் அப்போதுதான் தொடங்கப்பட்டிருந்ததால், அடுத்து அச்சானவற்றில் அந்தப் பெயர் இடம்பெற்றது. பொன்னெழுத்து லேபிளோடு ஸ்டீரியோ தட்டு கிடைப்பது அரிதிலும் அரிது. பீட்டில்ஸ் சேகரிப்பாளர்கள் உயிரை விட்டுத் தேடும் பொருள்களில் அதுவும் ஒன்று.

அடுத்து, பாட்டு முடிந்து லேபிள் தொடங்கும் இடைப்பட்ட வழுவழுப்பான வளையத்தை விளக்கொளியில் சாய்த்துப் பாருங்கள். லேபிளுக்குக் கீழே, கடிகாரத்தில் ஆறு மணி இருக்கும் இடத்தில், மாஸ்டர் எண் பொறித்திருக்கும். மோனோவின் முதல் வெட்டு '1என்' என்று முடியும். ஒன்பது மணிப் பக்கம் ஓர் எண்ணும், மூன்று மணிப் பக்கம் ஓரிரு எழுத்துகளும் காணப்படும். அந்த எழுத்துகள் இஎம்ஐ தொழிற்சாலையின் இரகசியக் கணக்கு. 'கிராமஃபோன் லிமிடெட்' என்ற பெயரின் ஆங்கில எழுத்துகளில் பத்தை எடுத்து, ஒன்று முதல் பூஜ்யம் வரை வரிசையாகப் பொருத்தியிருப்பார்கள்: ஜி என்றால் 1, ஆர் என்றால் 2, ஏ என்றால் 3, இப்படி. எண் சிறியதாக இருந்தால் அந்தத் தட்டு அச்சு வார்ப்பின் தொடக்கத்தில் பிறந்தது. முதல் முறை இந்த எழுத்துகளைக் கண்டுபிடித்து எண்ணாக மாற்றிப் பார்த்தபோது எனக்குத் தட்டைப் போட்டுக் கேட்கவே மறந்துவிட்டது.

ஆல்பத்தின் பாடல்கள் ஈபிகளாகவும் வந்தனவா?

வந்தன. எல்பி வாங்கப் பணம் இல்லாத இளைஞர்களுக்கு நாலு பாட்டு கொண்ட சிறு தட்டுதான் கைக்கெட்டியது. 1963 ஜூலை 12-இல் வந்த 'ட்விஸ்ட் அண்ட் ஷவுட்' ஈபி பெரும் விற்பனை கண்டது. இடிந்த கட்டடக் குழி ஒன்றின் விளிம்பிலிருந்து நால்வரும் துள்ளிக் குதிக்கும் அட்டைப்படம் அதனுடையதுதான், எடுத்தவர் ஃபியோனா ஆடம்ஸ். அதே ஆண்டு செப்டம்பரில் 'த பீட்டில்ஸ் ஹிட்ஸ்', நவம்பரில் 'த பீட்டில்ஸ் நம்பர் 1', 1964 பிப்ரவரியில் 'ஆல் மை லவிங்' என்று தொடர்ந்த ஈபிகளில் ஆல்பத்தின் மற்றப் பாட்டுகளில் பெரும்பாலானவை பிரித்துப் பிரித்து வழங்கப்பட்டன.

அமெரிக்காவில் இந்த ஆல்பம் ஏன் வேறு பெயரில், வேறு பாட்டுகளோடு வந்தது?

இதுதான் இந்த ஆல்பத்தின் வரலாற்றிலேயே சிக்கலான பகுதி; சுவையான பகுதியும்கூட. இஎம்ஐயின் அமெரிக்கக் கிளையான கேப்பிடல், பீட்டில்ஸ் இங்கே விற்காது என்று கைவிரித்துவிட்டது. உரிமை சிகாகோவின் வீ-ஜே என்ற சிறு நிறுவனத்துக்குப் போனது. கறுப்பினத்தவரான விவியன் கார்ட்டரும் ஜேம்ஸ் பிராக்கெனும் தொடங்கிய அது, ஜிம்மி ரீட், ஜான் லீ ஹூக்கர் போன்ற புளூஸ் கலைஞர்களுக்குப் பெயர் பெற்றது. 1963 பிப்ரவரியில் அவர்கள் வெளியிட்ட 'பிளீஸ் பிளீஸ் மீ' சிங்கிளின் தொடக்க அச்சுகளில் குழுவின் பெயரில் ஒரு 'டி' கூடுதலாக விழுந்து எழுத்துப் பிழையோடு போயிருக்கிறது. விற்பனையும் இல்லை.

அந்தக் கோடையில் 'இன்ட்ரொடியூசிங் த பீட்டில்ஸ்' என்ற பெயரில் எல்பியைக் கொண்டுவரத் திட்டமிட்டார்கள். அமெரிக்க எல்பிகளில் பன்னிரண்டு பாட்டுதான் வழக்கம் என்பதால் 'பிளீஸ் பிளீஸ் மீ', 'ஆஸ்க் மீ வை' இரண்டையும் நீக்கினார்கள். ஆனால் நிறுவனம் பணமுடையில் சிக்கித் தட்டை நிறுத்தி வைத்தது; உரிமைத்தொகை செலுத்தாததால் ஒப்பந்தமும் முறிந்தது. 1963 முடிவில் கேப்பிடல் மனம் மாறிப் பீட்டில்ஸுக்குப் பெரிய விளம்பரம் செய்யத் தொடங்கியதும், அடைத்துவைத்திருந்த சரக்கை வீ-ஜே அவசர அவசரமாக 1964 ஜனவரி 10-இல் கடைக்கு அனுப்பியது. கேப்பிடலின் 'மீட் த பீட்டில்ஸ்' வந்தது அதற்குப் பத்து நாள் கழித்தே.

உடனே வழக்கு. அதில் ஒரு நுட்பம் இருக்கிறது. 'லவ் மீ டூ', 'பி.எஸ். ஐ லவ் யூ' இரண்டின் அமெரிக்கப் பதிப்புரிமை கேப்பிடலுக்குச் சொந்தமான பீச்வுட் மியூசிக்கிடம் இருந்தது. அமெரிக்கச் சட்டப்படி ஒரு பாட்டு முதன்முறை தட்டில் வருவதற்குப் பதிப்பாளரின் இசைவு கட்டாயம். ஒருமுறை வந்துவிட்ட பிறகுதான் மற்றவர்கள் நிர்ணயித்த கட்டணம் கட்டித் தாமாக வெளியிட முடியும். இந்த இரண்டும் அமெரிக்காவில் வந்ததே இல்லை. ஆகவே தடை விழுந்தது. வீ-ஜே அவ்விரண்டையும் எடுத்துவிட்டு, முன்பு தள்ளிவைத்த 'பிளீஸ் பிளீஸ் மீ', 'ஆஸ்க் மீ வை' இரண்டையும் உள்ளே வைத்து, பிப்ரவரியில் இரண்டாம் பதிப்பை வெளியிட்டது. இப்படித்தான் ஒரே அட்டையில் இரண்டு வெவ்வேறு பாட்டு வரிசைகள் உலவுகின்றன. 'மீட் த பீட்டில்ஸ்' முதலிடத்தில் இருக்க, இது ஒன்பது வாரம் இரண்டாமிடத்தில் நின்றது.

இன்னொரு சிறு சேதம்: வீ-ஜே தட்டில் முதல் பாட்டின் எண்ணிக்கையில் 'ஒன், டூ, த்ரீ' போய் 'ஃபோர்' மட்டும் மிஞ்சியிருக்கும். தேவையில்லாத பேச்சு என்று யாரோ கத்தரித்துவிட்டார்கள் போலும்.

பிறகு ஏற்பட்ட உடன்பாட்டின்படி 1964 அக்டோபர் 15 வரை இந்தப் பதிவுகளை விற்க வீ-ஜேவுக்கு அனுமதி கிடைத்தது. அதற்குள் அதே சரக்கை எத்தனை விதமாகப் புரட்ட முடியுமோ அத்தனையும் செய்தார்கள். ஃபிராங்க் ஐஃபீல்டு என்ற பாடகரின் பாட்டுகளோடு சேர்த்து ஒன்று. ஃபோர் சீசன்ஸ் குழுவோடு மோத விட்டு இரட்டைத் தட்டாக ஒன்று. விரித்துப் பார்க்கும் படங்களோடு ஒன்று. உள்ளே இருந்தது அதே பாட்டுகள்தாம்.

என்னிடம் உள்ள 'இன்ட்ரொடியூசிங்' தட்டு அசலா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

முதலில் போலி என்றே வைத்துக்கொண்டு தொடங்குங்கள். உலகில் அதிகம் கள்ள அச்சு கண்ட எல்பிகளில் இதுவும் ஒன்று. நானும் ஒருமுறை அஞ்சலில் வரவழைத்து ஏமாந்திருக்கிறேன். விற்றவர் அசல் என்று எழுத்திலேயே சொல்லியிருந்தார். மூன்று சோதனைகள் உதவும். லேபிளில் ஆல்பத்தின் பெயரும் குழுவின் பெயரும் நடுத்துளைக்கு மேலும் கீழுமாகப் பிரிந்து நின்றால் அது போலி. அட்டைப்படத்தில் வலக்கோடியில் நிற்கும் ஜார்ஜின் நிழல் தெரிய வேண்டும். பல போலிகளில் அது இருக்காது. மூன்றாவதாக, அட்டையில் 'ஸ்டீரியோ' என்று கொட்டை எழுத்தில் இருந்தால் மகிழ்ச்சியைவிட ஐயமே முதலில் வர வேண்டும். அசல் ஸ்டீரியோ தட்டுகள் மிகக் குறைவு.

கேப்பிடல் இந்தப் பாட்டுகளைப் பிறகு வெளியிடவில்லையா? கனடாவில்?

வீ-ஜேயின் கெடு முடிந்த பின், 1965 மார்ச் 22-இல், 'த ஏர்லி பீட்டில்ஸ்' என்ற பெயரில் பதினொரு பாட்டுகளை கேப்பிடல் வெளியிட்டது. பிரிட்டனில் அசல் ஆல்பம் வந்து சரியாக இரண்டு ஆண்டு. முன்பே 'மீட் த பீட்டில்ஸில்' சேர்த்துவிட்டதால் 'ஐ சா ஹெர் ஸ்டாண்டிங் தேர்' இதில் இல்லை. 'மிஸரி', 'தேர்ஸ் எ பிளேஸ்' இரண்டும் விடுபட்டன. கனடாவின் கேப்பிடல் கிளையோ தன் போக்கில் 1964 பிப்ரவரியில் 'ட்விஸ்ட் அண்ட் ஷவுட்' என்ற எல்பியைப் போட்டது. அதில் 'ஐ சா ஹெர்', 'மிஸரி' இரண்டுக்கும் பதில் 'ஃப்ரம் மீ டு யூ', 'ஷி லவ்ஸ் யூ' சேர்ந்தன.

இந்தியாவில் பீட்டில்ஸ் தட்டுகள் அச்சானதுண்டா?

உண்டு. இஎம்ஐயின் குடும்பத்தைச் சேர்ந்த கிராமஃபோன் கம்பெனி, கல்கத்தா அருகே டம்டம் தொழிற்சாலையில் பார்லபோன் லேபிளிலேயே பீட்டில்ஸ் தட்டுகளை அச்சிட்டது. பழைய தட்டுக் கடைகளில் இன்றும் சில சமயம் தட்டுப்படும். பெரும்பாலும் ஊசி தேய்ந்த பிளேயர்களில் ஓடி அடிபட்டவை. கீறலில்லாதது கிடைத்தால் விலை பேசாமல் வாங்கிவிடுவது நல்லது.

சிடி, ரீமாஸ்டர், புதிய வினைல் ஆகியவற்றில் எது எந்த மிக்ஸ்?

1987 பிப்ரவரி 26-இல் முதல் நான்கு ஆல்பங்களும் சிடியாக வந்தன, நான்கும் மோனோ. ஆகவே பழைய சிடி வைத்திருப்பவர்கள் கேட்டுப் பழகியது மோனோ. 2009 செப்டம்பர் 9-இல் ஆல்பங்கள் அனைத்தையும் ரீமாஸ்டர் செய்து (பழைய டேப்புகளிலிருந்து ஒலியைச் செம்மைப்படுத்தி) வெளியிட்டபோது, தனியாகக் கடையில் கிடைத்தது ஸ்டீரியோ. மோனோ வேண்டுமென்றால் தனிப் பெட்டியாக முழுத் தொகுதியையும் வாங்க வேண்டும். 2010 நவம்பரில் ஐடியூன்ஸிலும் 2015 டிசம்பர் 24-இல் ஸ்ட்ரீமிங் சேவைகளிலும் வந்ததும் அந்த ஸ்டீரியோ ரீமாஸ்டரே. செல்பேசியில் இந்த ஆல்பத்தை முதன்முதலாகக் கேட்டு 'குரல் ஒரு பக்கமாக இருக்கிறதே' என்று திகைப்பவர்களுக்குக் காரணம் இதுதான்.

வினைலில், 2012 நவம்பரில் வந்தது 2009 டிஜிட்டல் ரீமாஸ்டரிலிருந்து வெட்டிய ஸ்டீரியோ. 2014 செப்டம்பரில் வந்த மோனோத் தட்டுகளோ பழைய மாஸ்டர் டேப்புகளிலிருந்து டிஜிட்டலுக்குப் போகாமல் நேரடியாக வெட்டப்பட்டவை.

அன்றைய நாளில் எடுத்துப் பயன்படுத்தாத டேக்குகளைக் கேட்க வழி உண்டா?

சில உண்டு. 1995-இல் 'ஃப்ரீ ஆஸ் எ பேர்ட்' சிங்கிளில் 'ஐ சா ஹெர் ஸ்டாண்டிங் தேர்' பாட்டின் ஒன்பதாம் டேக் இடம்பெற்றது. எண்ணிக்கை வெட்டியெடுக்கப்பட்டது அதிலிருந்துதான். 2013 டிசம்பர் 17-இல் ஐடியூன்ஸில் சத்தமில்லாமல் 'த பீட்டில்ஸ் பூட்லெக் ரெக்கார்டிங்ஸ் 1963' என்று ஐம்பத்தொன்பது பதிவுகள் வந்தன. இரசிகர்கள் மீது திடீரென்று பிறந்த அன்பு இதற்குக் காரணமல்ல. ஐரோப்பிய ஒன்றியம் ஒலிப்பதிவுகளின் உரிமைக் காலத்தை ஐம்பதிலிருந்து எழுபது ஆண்டாக நீட்டியபோது, ஐம்பது ஆண்டுக்குள் வெளியிடப்பட்ட பதிவுகளுக்கே அந்த நீட்டிப்பு என்று விதித்தது. 1963 பதிவுகளுக்கு அந்த ஆண்டு முடிவே கெடு. காரணம் எதுவானாலும் 'தேர்ஸ் எ பிளேஸ்' நாலைந்து முறை தடுமாறி எழுந்து நடப்பதைக் கேட்கும் வாய்ப்பு நமக்குக் கிடைத்தது.

ஒன்றே ஒன்று வாங்குவதென்றால் எதை வாங்குவது?

2014 மோனோ வினைலை வாங்குங்கள். பிளேயர் இல்லாதவர்கள் பழைய 1987 சிடியைத் தேடுங்கள், பழஞ்சரக்குக் கடைகளில் குறைந்த விலைக்கே கிடைக்கும். ஸ்ட்ரீமிங் ஒன்றுதான் வழி என்றால், செல்பேசியின் அமைப்புகளில் ஒலியை மோனோவாக மாற்றும் ஒரு பொத்தான் இருக்கும். அதை அழுத்திவிட்டுக் கேளுங்கள். அசல் மோனோ மிக்ஸ் ஆகிவிடாது, தலைப்புப் பாட்டில் ஜானின் சிரிப்பும் மறையாது. ஆனால் பாடுகிறவர்கள் வாசிக்கிறவர்களோடு மறுபடி ஒரே அறைக்கு வந்துவிடுவார்கள்.